எட்டுப் பேர்ச் காணியில் அக்காவின் வீடு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் இரண்டு விதமாகக் கட்டுகிறார்கள். ஒன்று, எல்லையிலிருந்து எல்லைவரை ஒரு கொங்கிறீட் பெட்டி. முன்னால் கறுப்புக் கண்ணாடி, தகரக் கேற், அறைக்கு அறை ஏசி. மற்றதும் அதே பெட்டிதான், முகத்தில் மட்டும் இரண்டு ஒல்லாந்தர் காலத்துத் தூணும் கொஞ்சம் மரச் சித்திர வேலையும் ஒட்டியிருக்கும். நான் கட்டிடக் கலைஞர். அம்மாவின் காணியில் அக்கா குடும்பத்துக்கு வீடு வரையும் வேலை என்னிடம் வந்தபோது, இந்த இரண்டுமே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இடிக்கப்போகிற வீடு இத்தனை காலம் வெயிலையும் மழையையும் தெருவையும் எப்படிச் சமாளித்தது என்று பார்த்து, அந்த வேலைகளைப் புது வீட்டிடம் ஒப்படைக்க வேண்டும். சாயல் வராவிட்டாலும் பரவாயில்லை.

காணி எட்டுப் பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பேர்ச் 272 சதுர அடி. 24 அடி முகப்பு, 90 அடி ஆழம். கொட்டாஞ்சேனையின் பழைய காணிகள் பல இப்படித்தான், தெருவுக்கு ஒடுங்கிய முகத்தைக் காட்டிப் பின்னால் நீளமாகப் போகும். இடது பக்கமும் வலது பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். எங்கள் ஒழுங்கையிலிருந்து நடந்தே புனித லூசியா பேராலயத்துக்கும், சேர் பொன். இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலுக்கும், 1885 வெசாக் அன்று பௌத்த கொடி முதன்முதலாக ஏற்றப்பட்ட தீபதுத்தாராம விகாரைக்கும் போய்விடலாம். ஜூன் 13 வந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு ஊரே தெருவில் நிற்கும். இப்படி ஒரு இடத்தில் வீடு கட்டுகிறவர் தன் நாலு சுவரை மட்டும் கட்டவில்லை, தெருவின் ஒரு துண்டையும் சேர்த்தே கட்டுகிறார். இதை நான் வேலைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறேன்.

அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் அதுவரை வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருந்தார்கள். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது நினைவிருக்கும். அந்த வீட்டின் படுக்கையறைகள் ஏசியை நம்பிக் கட்டப்பட்டவை. யன்னல் திறந்தால் எதிரே இன்னொரு தொடர்மாடியின் சுவர், காற்று அசையாது. சின்னவனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. இரவானால் நாலு பேரும் கொட்டாஞ்சேனைக்கு வந்து அம்மாவின் பழைய வீட்டு மண்டபத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். அங்கேயும் மின்சாரம் இல்லைதான், ஆனால் படுக்க முடிந்தது. புது வீட்டுக்கான முதல் நிபந்தனையை அக்கா அப்போதே சொல்லிவிட்டா: "கரண்ட் இல்லாட்டியும் பிள்ளையள் நித்திரை கொள்ளோணும்." வாடிக்கையாளர் ஒருவர் இதைவிடத் தெளிவாக எனக்கு ஒருபோதும் வேலை தந்ததில்லை.

ஆகவே பழைய வீட்டை முதலில் அளந்தேன். அது ஏன் குளிர்மையாக இருந்தது என்பதற்கு வெயிலின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். கொழும்பு 7 பாகை வட அகலாங்குக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேலே நிற்கும். மற்ற மாதங்களில் கொஞ்சம் வடக்கே, கொஞ்சம் தெற்கே. அதனால் இங்கே ஒரு வீட்டைச் சுடுவது முதலில் கூரை, பிறகு காலையில் கிழக்குச் சுவர், பின்னேரம் மேற்குச் சுவர். எங்கள் காணி கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. முகம் மேற்கே துறைமுகப் பக்கம். நீளமான இரண்டு சுவர்களும் அடுத்த வீடுகளோடு ஒட்டியிருப்பதால் அவற்றில் வெயிலே படாது. வெயில் பிடிக்கும் இரண்டு முனைகளும் 24 அடி அகலம்தான். காணி ஒடுக்கம் என்று எல்லோரும் குறை சொல்வார்கள். வெப்பத்தைப் பொறுத்தவரை அந்த ஒடுக்கமே பெரிய காப்பு.

பழைய வீடு மேற்கு முனையை ஒரு ஆழமான விறாந்தையால் மூடியிருந்தது, கிழக்கு முனையைப் பின்முற்றத்து மாமரத்தால். நடுவில் சின்ன முற்றம் ஒன்று முன்பு இருந்திருக்கிறது. எங்கள் அம்மப்பா காலத்தில் அதற்கு மேலே சீட் போட்டுச் சாமான் அறையாக்கிவிட்டார்கள். உள்கதவுகளுக்கு மேலே மரத்தில் வெட்டிய காற்றுப் பலகைகள், கூரை முகட்டில் வெக்கை வெளியேற இடைவெளி. சுவர்கள் ஒன்றேகால் அடிக் கபுக்கல் (செம்புரைக்கல்). இவை ஒன்றும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. விறாந்தை வழியே வந்த காற்று காற்றுப் பலகைகள் வழியே அறைக்கு அறை போய், சூடாகி மேலேறி முகட்டால் வெளியே போனது. முற்றத்தை மூடிய பிறகும் அது ஓரளவு வேலை செய்தது. திறந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருக்கும்.

இன்னொன்றையும் அளக்கும்போது கண்டேன். முன்வாசலில் தெருவிலிருந்து ஏற இரண்டு படி இருந்தது. அம்மம்மா உயிரோடிருந்தபோது "எங்கட வீட்டுக்கு நாலு படி" என்று சொல்லுவா, நாங்கள் அவவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தோம். அத்திவாரம் தோண்டும்போது முன் மதிலுக்குப் பக்கத்தில் மண்ணை விலக்கிய பையன் கூப்பிட்டுக் காட்டினான்: கீழே இன்னும் இரண்டு படி, கருங்கல், நடுப்பகுதி கால்பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. அதற்கு மேலே தார், அதற்கும் மேலே தார், நடுவில் செங்கல் தூள், உடைந்த ஓடு. ஒவ்வொரு முறை ஒழுங்கைக்குத் தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு, தெரு ஒன்றேகால் அடி உயர்ந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் பல பழைய வீடுகளுக்குள் மழைநீர் வருவதற்கு இதுதான் காரணம். வீடு தாழவில்லை, தெரு ஏறியிருக்கிறது. புது வீட்டுத் தரையை இன்றைய தெருவிலிருந்து இரண்டடி உயர்த்தினேன், இனிப் போடப்போகிற தாருக்கும் சேர்த்து. அம்மாவின் முழங்காலுக்காகப் படிகளை ஐந்து அங்குல உயரத்தில் அகலமாக வைத்தோம். அந்தத் தேய்ந்த கருங்கற்கள் இரண்டும் இப்போது முதல் படியாகவும் இரண்டாம் படியாகவும் இருக்கின்றன.

விறாந்தைதான் வீட்டில் பெரிய சண்டைக்குக் காரணமானது. பழைய விறாந்தை தெருவோரத்திலேயே நின்றது. இப்போது மாநகர சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ்ப்படி முன்னால் இடம் விட்டுத்தான் கட்டலாம். அதோடு காரும் நிற்க வேண்டும். 24 அடி முகப்பில் கார் ஒன்பது அடியை எடுத்துவிட்டால், மிச்சத்துக்கு மதில் கட்டித் தகரக் கேற் போட்டு மூடிவிடுவதுதான் வழக்கம். அக்காவுக்கும் அதுதான் விருப்பம். ஏன் என்று எனக்குத் தெரியும். 83 ஜூலையில் இந்த ஒழுங்கையிலும் வீடுகள் எரிந்தன; எங்கள் விறாந்தைக்கு இரும்புக் கம்பிக் கூடு வந்தது அதற்குப் பிறகுதான். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்த சத்தம் அம்மாவின் காதில் விழுந்தது. இந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் உயர்ந்த மதில் கேட்டால், அதை ரசனைக் குறைவு என்று சொல்ல எந்தக் கட்டிடக் கலைஞருக்கும் உரிமை இல்லை.

இந்த விவாதத்தை முடித்தது அம்மா. "அண்டைக்கு எங்களைக் காப்பாத்தினது மதில் இல்லை பிள்ளை, முன்வீட்டு ஆக்கள். அவையள் எங்களைத் தெரிஞ்சது இந்த விறாந்தையில இருந்து கதைச்சதாலதான்." அதற்குப் பிறகு அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் அக்காவின் பயத்தையும் நான் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டேன். காருக்கு வடக்குப் பக்கம் ஒன்பது அடி. மிச்சம் பதினைந்து அடியில், எட்டடி ஆழத்தில் விறாந்தை. கேற் தகரமில்லை, ஊடே பார்க்கக்கூடிய இரும்புச் சலாகை. மதில் அம்மா இருந்தால் தலை தெரிகிற உயரம். விறாந்தைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் முழுச்சுவருக்கும் மடிப்புக் கதவு, தடித்த பலகை, உள்ளே இரண்டு தாழ்ப்பாள். பகலில் கதவுகளை மடித்துவிட்டால் வீடு தெருவரை நீளும். இரவில் பூட்டினால் வீட்டின் உண்மையான எல்லை அந்தக் கதவுதான், கேற் இல்லை. எட்டடி ஆழம் பின்னேரம் மூன்று மணிவரைதான் வெயிலைத் தடுக்கும். நாலு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து நேரே உள்ளே வரும், அதற்கு எந்த விறாந்தையும் போதாது. பழைய ஆட்கள் செய்தது போலவே மூங்கில் தட்டி கட்டினோம், சுருட்டி ஏற்றலாம்.

இனி முற்றம். ஆரம்ப வரைபடத்தைப் பார்த்தவுடன் அத்தான் கைபேசியில் கணக்குப் போட்டார். நடுவில் நான் திறந்து விட்டிருந்தது 12 அடிக்கு 14 அடி, 168 சதுர அடி, அரைப் பேர்ச்சுக்குச் சற்று மேல். மேல்தட்டிலும் அதே அளவு போகிறது. "கொழும்பில காணி என்ன விலை விக்குது, நீர் இதை மழைக்கு விடப்போறீரே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 90 அடி ஆழத்தில் இரண்டு முனையில் மட்டும் யன்னல் இருந்தால், நடுவில் நாற்பது அடிக்குப் பகலிலும் விளக்குப் போட வேண்டும், காற்றுக்கு மின்விசிறி வேண்டும். அந்த நடு அறைகளுக்கு ஒரு பெயர் வைத்து வரைபடத்தில் காட்டலாம், ஆனால் ஒருவரும் அங்கே போய் இருக்க மாட்டார்கள். முற்றம் 168 சதுர அடியை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள ஆயிரம் சதுர அடியை இருக்கக்கூடிய இடமாக மாற்றித் தருகிறது.

சொல்லிப் புரிய வைப்பதைவிடக் காட்டுவது சுலபம் என்று இருவரையும் புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒல்லாந்தர் கால நூதனசாலையாக இருக்கும் 17ஆம் நூற்றாண்டு வீட்டுக்கும் இதே தர்க்கம்தான்: தெருவில் தூண் வைத்த முன்விறாந்தை, உள்ளே ஆழம், நடுவில் வானம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்த அத்தானுக்கு அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "எங்கட ஐயா வீட்டு முத்தத்தை ஒரு பக்கத்தால நெருக்கினமாதிரி" என்றார். அதேதான்.

இந்த வகை வீட்டை இன்றைய கொழும்புக்குத் திரும்பக் கொண்டுவந்ததில் கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் பங்கு பெரிது. பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காக அவர் கொள்ளுப்பிட்டியில் 1960 முதல் 1962 வரை கட்டிய வீடு நடு முற்றத்தைச் சுற்றியே அமைந்தது. பின்னாளில் அந்தக் காணி கைமாறியபோது வீட்டையே கழற்றி எடுத்துப்போய், பாவாவின் சொந்தத் தோட்டமான லுணுகங்கையில் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். அதற்கும் முன்பே கட்டிடக் கலைஞர் மினெற் டி சில்வா கண்டியிலும் கொழும்பிலும் புதுக் கட்டிடமுறையையும் நம் கைவினைகளையும் ஒரே வீட்டில் சேர்த்துக் காட்டிவிட்டார். 1948 இல் பிரித்தானியக் கட்டிடக் கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் இலங்கைப் பெண் அவர். பாவாவின் கட்டிடங்களைப் புகழும் நம் ஆட்கள் பலருக்கு, 1960களின் பிற்பகுதியிலிருந்து அவரோடு பங்காளியாக இருந்த பொறியியலாளர் கே. பூலோகசுந்தரத்தின் பெயர் தெரியாது. அந்தக் கூரைகளும் தூண்களும் நிற்பதில் அவருக்கும் பங்குண்டு. தெரிந்திருக்க வேண்டிய பெயர்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனா டி சில்வா வீட்டை நான் பின்பற்றவில்லை. அது தெருவுக்கு மதிலைக் காட்டி, முழுக்க உள்ளே திரும்பிய வீடு. பெரிய காணிகள், அமைதியான தெரு, அங்கே அது பொருந்தும். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் எல்லோரும் அப்படித் திரும்பிக்கொண்டால் பிள்ளைகள் ரியூசன் முடிந்து வரும் நேரத்தில் தெரு இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு குழாய் மாதிரி ஆகிவிடும். உள்ளே முற்றம், வெளியே விறாந்தை, இரண்டும் வேண்டும்.

முற்றத்தை வடக்குச் சுவரோடு ஒட்டி வைத்தேன், தெற்குப் பக்கம் படிக்கட்டும் நடைபாதையும். சுற்றிலும் இருபது அடி உயரச் சுவர் இருப்பதால் தரையில் நேர் வெயில் விழுவது ஏறத்தாழ காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரைதான். டிசம்பரில் சூரியன் தெற்கே சரிந்துவிடுவதால் நடுப்பகலிலும் வெயில் தரைக்கு வராது, வடக்குச் சுவரில் மேலே நிற்கும். அந்தச் சுவரை வெள்ளைச் சுண்ணாம்பாக விட்டதற்கு அதுதான் காரணம். சுவரில் பட்ட வெளிச்சம் திரும்பி அம்மாவின் அறைக்குள் வருகிறது. அம்மாவின் அறை கீழே, முற்றத்தைப் பார்த்து, குளியலறையோடு. அதில் யாரும் விவாதிக்கவில்லை.

மழையைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை. முற்றத்தில் மட்டும் நேரே விழுவது வருடத்துக்கு 37 ஆயிரம் லீற்றருக்கு மேல். கூரைத் தண்ணீர் வேறு. ஒக்டோபர் நவம்பரில் பின்னேரத்து இடிமழை ஒன்று, ஒரு மணித்தியாலத்தில் வீட்டைச் சோதித்துவிடும். முற்றம் வைத்த வீடு ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டால், பெரும்பாலும் குற்றவாளி கூரைகள் சந்திக்கும் இடத்தில் மறைத்து வைத்த உள்பீலிதான். இலை அடைத்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை, சுவருக்குள் இறங்கும். அதனால் இந்த வீட்டில் உள்பீலியே கிடையாது. கூரை மூன்றடி வெளியே நீண்டு, தண்ணீர் திறந்த வெளியில் முற்றத்துக் கூழாங்கல் மேல் விழுகிறது. முற்றம் வீட்டுத் தரையைவிட ஆறு அங்குலம் தாழ்வு. தூவானம் தெறிப்பது அந்த மூன்றடிக்குள் நின்றுவிடும். தண்ணீர் போக ஒன்றுக்கு இரண்டு வாய். ஒன்று அடைத்தால் மற்றது. அங்கிருந்து தரைக்குக் கீழே நாலு அங்குலக் குழாய் முன்பக்கக் கானுக்கு, நூறடிக்கு ஓரடி சரிவில். நாற்பது அடிக்கு ஐந்து அங்குலம்தான் இறக்கம் வேண்டும், ஆனால் தரையை உயர்த்தியிருக்காவிட்டால் அந்த ஐந்து அங்குலமும் கிடைத்திருக்காது. தெருக் கானின் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வந்திருக்கும்.

பின்கூரைத் தண்ணீர் ஒரு தாங்கிக்குப் போகிறது. செடிக்கும் கார் கழுவவும் கக்கூசுக்கும் போதும்.

முற்றத்தில் ஒரு தாமரைக் குளம் வேண்டும் என்று பெரியவள் கேட்டாள். மறுத்துவிட்டேன். கொழும்பில் டெங்கு வருடா வருடம் வருகிறது. நுளம்பு பெருகும் இடம் வைத்திருந்தால் வழக்குப் போட 2007 இலேயே சட்டம் வந்துவிட்டது. மீன் விட்டால் குடம்பியைத் தின்னும் என்பது சரிதான், ஆனால் ஒரு விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிப் போனால் மீனுக்கு யார் பொறுப்பு? கூழாங்கல்லுக்குக் கீழே தண்ணீர் தேங்காதபடி சீமெந்துச் சரிவு, மாதம் ஒரு முறை வாய்களைத் திறந்து பார்ப்பது. குளத்துக்குப் பதிலாக அவளுக்கு ஒரு பவளமல்லி. படுக்கையறை யன்னல்களுக்கும் காற்றுப் பலகைகளுக்கும் நுளம்பு வலை.

பின்னால் ஒரு உயரத் தொடர்மாடி எழும்பியிருக்கிறது. அதன் பல்கனியில் நின்றால் எங்கள் முற்றம் தெரியும். இது இன்றைய கொட்டாஞ்சேனையின் புதுப் பிரச்சினை, பழைய வீட்டிடம் இதற்கு விடை இல்லை. முற்றத்துக்கு மேலே கிழக்குப் பக்கம் பாதிக்கு மட்டும் ஒடுங்கிய மரச் சட்டங்களைச் சரித்து வைத்தோம்: வானம் தெரியும், காற்று போகும், அந்தப் பல்கனியின் கோணம் மட்டும் மறையும். கோணத்தைக் காகிதத்தில் போட்டது போதாமல், அந்தத் தொடர்மாடியில் உள்ள ஒரு குடும்பத்திடம் கேட்டு அவர்கள் பல்கனியிலிருந்தே பார்த்துச் சரி செய்தேன். தேநீரும் தந்தார்கள்.

இடிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அயலவரோடு மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும். பக்கத்துச் சுவர்கள் இரண்டும் பழைய கபுக்கல், அத்திவாரம் இரண்டடிக்கு மேல் இல்லை. நாம் பக்கத்திலேயே நாலடி தோண்டினால் அவர்கள் சுவர் இறங்கும். வேலை தொடங்குமுன் இரண்டு வீட்டுக்கும் போய், ஏற்கெனவே இருந்த வெடிப்புகள் எல்லாவற்றையும் அவர்கள் முன்னிலையில் படம் எடுத்து, பிரதியை அவர்களிடமும் கொடுத்தோம். தூண்களை எல்லையிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி, அங்கிருந்து தளத்தை வெளியே நீட்டினோம். சுவரோரம் தோண்ட வேண்டிய இடத்தில் நாலடி நாலடியாகத் தோண்டி, கொங்கிறீட் போட்டு இறுகிய பிறகே அடுத்த நாலடி. மேசன் பாஸுக்கு இது பொறுமையைச் சோதித்தது. "மிஸ், ஒரேயடியா வெட்டினா ரெண்டு நாள் வேலை" என்பார். ஆனாலும் சொன்னபடியே செய்தார். பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டுகளைத் தண்ணீர் தெளித்து உடைக்காமல் இறக்கியதும் அவர் பொறுப்பில்தான்.

2022 இல் ஒரு மூடை சீமெந்து மூவாயிரம் ரூபாயைத் தாண்டியபோது எல்லோரையும் போல நாங்களும் வரைபடத்தோடு காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் பழைய வீட்டிலிருந்து எதை எடுக்கலாம் என்று பட்டியல் போட்டேன். பலாப் பலகைக் கதவுகள், காற்றுப் பலகைகள், முகட்டு வளைகள். காற்றுப் பலகைகளைப் புது வீட்டிலும் கதவுக்கு மேலேதான் வைத்தோம், சுவரில் அழகுக்கு மாட்டவில்லை. கூரைக்கு அஸ்பெஸ்டஸ் இல்லாத நெளி சீட் போட்டு அதற்கு மேலே அரைவட்ட ஓடு. ஓடு வெயிலைத் தாங்கும், சீட் மழையைத் தடுக்கும், ஓட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே காற்று. பாவா பரவலாக்கிய முறைதான் இது, இன்றும் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

தரைக்கு எல்லோரும் போசலின் ரைல்ஸ் சொன்னார்கள். நான் கேட்டது பழைய வீட்டில் இருந்த சிவப்புச் சீமெந்து. செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். பாஸின் மாமனார் ஒருவர், வயதானவர், மட்டக்குளியிலிருந்து வந்தார். சிவப்புப் பொடியையும் சீமெந்தையும் காயவைத்தே கலந்து, இரண்டு முறை அரித்து, எல்லாத் தரைக்கும் போதுமானதை ஒரே தடவையில் கலந்து வைத்துக்கொண்டார். பிறகு கலந்தால் நிறம் மாறும் என்றார். அறையின் தூர மூலையில் தொடங்கி, பலகைத் துண்டில் முழங்கால் வைத்துப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்தார். மேல் பூச்சு கொஞ்சம் இறுகும்வரை காத்திருப்பது, புறங்கையால் தொட்டுப் பார்ப்பது, பிறகு இரும்புக் கரண்டியைச் சரித்துப் பிடித்து அரைவட்டமாக அழுத்துவது. அழுத்த அழுத்தப் பொடி நிறமான தரை ஈரமில்லாமலேயே மினுங்கத் தொடங்கியது. எட்டடிக்கு ஒரு பித்தளைக் கோடு, வெடித்தால் அங்கே வெடிக்கட்டும் என்று. பிறகு மரத்தூள் பரப்பி ஒரு வாரம் தண்ணீர். கடைசியில் மெழுகு போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்தது அம்மா கூட்டிவந்த ஆட்கள். கால் வைத்தால் குளிரும். ரைல்ஸைவிடக் காசு குறைவு, கூலி கூட.

குசினி இரண்டு: முற்றத்தைப் பார்த்த ஒன்று, பின்னால் மீனுக்கும் தாளிப்புக்கும் ஒன்று. சுவாமி அறை வடகிழக்கில்தான் என்று அத்தான் நின்றார். நான் அங்கே களஞ்சிய அறை வைத்திருந்தேன், மாற்றுவது கடினமில்லை. குடிபூரலுக்கு இரண்டு பக்கத்து வீட்டாரும் வந்தார்கள்.

இப்போது ஒரு தென்மேல் பருவமும் ஒரு ஐப்பசி மழையும் பார்த்தாகிவிட்டது. மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் விறாந்தையின் முன்பாதி நனைகிறது, கதிரைகளை உள்ளே இழுக்க வேண்டும். அது அந்த விறாந்தையின் விலை. ஏசி பிள்ளைகளின் அறையில் ஒன்று இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஈரப்பதம் ஏறி, காற்றும் நின்றுவிடும் இரவுகளில் போடுகிறார்கள், மற்ற மாதங்களில் மின்விசிறியோடு சரி. படிக்கட்டு உச்சியில் வைத்த சரிபலகைகள் வழியே வெக்கை மேலேறிப் போவதை, பகல் வேளையில் அங்கே கையை நீட்டிப் பார்த்தாலே உணரலாம். அத்தான் முற்றத்தில் விட்ட இடத்தின் விலையைப் பற்றி இப்போது பேசுவதில்லை. பின்னேரத் தேநீரை அங்கேதான் குடிக்கிறார்.

போன வாரம் எதிர்வீட்டு அன்ரி தன் மகனோடு ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தா. அவர்களுடையது ஆறு பேர்ச், முகப்பு 20 அடி, தெருவின் மறுபக்கம் என்பதால் முகம் கிழக்கே. எங்கள் வீட்டைப் போல ஒரு முற்றம் வைக்க முடியுமா என்று கேட்டா. 12 அடி முற்றம் அங்கே தாங்காது. படிக்கட்டைப் பின்சுவரோரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, படிகளை இடைவெளி விட்ட பலகைகளாகச் செய்து, மேலே ஆறடிக்கு எட்டடி திறந்து சரிபலகையும் கண்ணாடியும் வைத்தால் முற்றத்தின் பாதி வேலையைப் படிக்கட்டே செய்யும் என்று பென்சிலால் போட்டுக் காட்டினேன். வெயில் அவர்களுக்குப் பின்பக்கம்தான் பின்னேரத்தில் வரும், ஆகவே பின்னால் நிற்கும் பலாமரத்தைத் தறிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். மகன் அந்த இடத்தில் தண்ணீர்த் தாங்கி வைக்க யோசித்திருந்தாராம். தாங்கியைக் கூரைக்கு ஏற்றலாம். மரத்தின் அளவை எடுக்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.